வீட்டு பி.சி.பி.யில் பெரிய செம்புப் பரப்பை அரிபடாமல் மூடுவது எப்படி

லேசர் பிரிண்டரில் அச்சிட்ட டோனர் மையை இஸ்திரிப் பெட்டியால் செம்பு ஒட்டிய பலகைக்கு மாற்றி, மூடாத செம்பைக் கரைசலில் அரித்து பி.சி.பி. (மின்சுற்றுப் பலகை) செய்வதுதான் டோனர் முறை. இந்த முறையில் போர்டு செய்யும்போது 0.5 மி.மீ. டிராக்குகள் (மெல்லிய செம்புக் கோடுகள்) கச்சிதமாக வந்துவிடும். பக்கத்திலிருக்கும் அகலமான கிரவுண்டுப் (சுற்றின் பொது இணைப்பு) பரப்புதான் அம்மைத் தழும்பு விழுந்தாற்போல் புள்ளி புள்ளியாக அரிபட்டு வெளியே வரும். பலர் செம்பைக் கரைக்கும் பெரிக் குளோரைடைக் குறை சொல்வார்கள். அதன் மேல் தப்பில்லை. கோட்டை மறைக்கப் பொருத்தமான பொருளைக் கொண்டே பரப்பையும் மறைக்கப் பார்ப்பதுதான் கோளாறு. கோட்டுக்கு டோனர், பரப்புக்கு டேப் அல்லது நெயில் பாலிஷ், இரண்டும் சந்திக்கும் விளிம்புக்கு மார்க்கர் என்று வேலையைப் பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு போர்டை வைத்துக்கொள்வோம்: 7 × 5 செ.மீ. அளவில், ஏ.எம்.எஸ்.1117 ரெகுலேட்டர் போட்டு 5 வோல்ட்டை 3.3 வோல்ட் ஆக்கும் சாதாரண பவர் சப்ளை. ஒரு பக்கம் மட்டும் செம்பு, 1.6 மி.மீ. எப்.ஆர்.4 (கண்ணாடியிழைப் பலகை), செம்பின் தடிமன் 35 மைக்ரான்.

எவ்வளவு செம்பை விட்டுவைப்பது

முடிந்த அளவு. ஒரு சதுர சென்டிமீட்டரில் 35 மைக்ரான் செம்பின் எடை சுமார் 0.031 கிராம். நம் போர்டின் 35 சதுர செ.மீ.யையும் அரித்தால் 1.1 கிராம் செம்பு கரைசலில் இறங்கும். கணக்குப்படி அதற்குச் சுமார் 9.5 கிராம் பெரிக் குளோரைடுக் கட்டி செலவாகும். நடைமுறையில் பாதி செலவாவதற்குள்ளேயே கரைசல் மந்தமாகிவிடும் என்பதால் இரண்டு மூன்று மடங்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதே போர்டில் எண்பது சதவீதப் பரப்பை மூடிவிட்டால் கரைவது 0.22 கிராம்தான். கரைசல் பல போர்டுகளுக்கு வரும், கழிவில் சேரும் செம்பும் குறையும்.

மிச்சப்படுத்துவதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. திறந்த வெளி பெரிதாக இருந்தால் போர்டின் ஓரம் முதலில் அரிபடும், நடு கடைசியில். நடுப்பகுதி முடியும்வரை காத்திருக்கும் நேரத்தில் ஓரத்து மெல்லிய கோடுகளின் பக்கவாட்டை அமிலம் தின்றுவிடும். எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில், 0.5 முதல் 1 மி.மீ. வரை, இடைவெளி இருக்கும்படி பரப்பை நிரப்பினால் எல்லாம் ஏறத்தாழ ஒன்றாக முடியும். கையால் மூடுவதானால் இடைவெளி 1 மி.மீ.க்குக் குறைய வேண்டாம்.

வரையும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று: ஏ.எம்.எஸ்.1117-இன் அகலமான தகடு கிரவுண்டு அல்ல, அவுட்புட். சூட்டை இறக்க அதன் கீழ் 2 முதல் 4 சதுர செ.மீ. செம்பு விடுவது நல்லது. ஆனால் அந்தத் தீவு கிரவுண்டுப் பரப்போடு ஒட்டக்கூடாது. டேப்பை ஒரே துண்டாக ஒட்டிவிட்டு வெட்ட மறந்தால் அவுட்புட் நேராக ஷார்ட். கிரவுண்டோடு சேரும் பேடுகளை (பாகங்களின் கால்களைச் சால்டர் செய்யும் செம்புத் திட்டுகள்) பரப்புக்குள் அப்படியே புதைத்துவிடவும் கூடாது. 25 வாட் சால்டரிங் அயர்னின் சூட்டை முழுப் பரப்பும் உறிஞ்சிக்கொள்ளும், ஈயம் ஓடாது. பேடைச் சுற்றி வளையமாக இடைவெளி விட்டு, நான்கு சிறு பாலங்களால் மட்டும் இணைக்கவும்.

செம்பைத் துலக்குவது

எந்த மறைப்பானாலும் பிடிமானம் இங்கேதான் முடிவாகிறது. 600 நம்பர் வாட்டர் பேப்பர் அல்லது பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரால், தண்ணீரும் துளி சோப்புத்தூளும் விட்டு, முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்குவாக்கில் தேய்க்கவும். கண்ணாடிபோல் பளபளக்க வைக்க வேண்டாம். மெல்லிய கீறல்கள் இருந்தால்தான் டோனரும் பெயிண்ட்டும் பிடிக்கும். விளிம்புகளில் வெட்டிய பிசிர் நின்றால் அரத்தால் ராவிவிடவும். பிசிர் இருக்கும் இடத்தில் டேப் தூக்கி நிற்கும்.

சோதனை எளிது. குழாயில் கழுவிப் போர்டைச் சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் முழுப் பரப்பிலும் ஒரே ஏடாக நிற்க வேண்டும். எங்காவது திரண்டு முத்தாக உருண்டால் அங்கே எண்ணெய்ப்பசை இருக்கிறது, மறுபடி தேய்க்கவும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து உலரவிடவும். அதற்கு மேல் விரல் படக்கூடாது, ஓரங்களைப் பிடித்தே தூக்கவும். விரல்ரேகை இரண்டு விதத்தில் கெடுக்கும். மூட வேண்டிய இடத்தில் மறைப்பைத் தூக்கிவிடும். அரிய வேண்டிய இடத்தில் அதுவே மறைப்பாகி அரிக்கவிடாது.

டோனர் எங்கே நிற்க வேண்டும்

லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் பெரிய கறுப்புப் பரப்பின் நடுவில் டோனர் மெல்லியதாகவே விழுகிறது. கூடவே, இஸ்திரிப் பெட்டி அழுத்தும்போது காகிதத்திலுள்ள ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் நடுவில் மாட்டிக்கொள்கிறது. குறுகிய கோட்டில் அந்த ஆவி பக்கவாட்டில் தப்பிவிடும். அதனால்தான் கோடு பிழைக்கிறது, பரப்பு ஓட்டையாகிறது.

ஆகவே 2 செ.மீ.க்கு மேல் அகலமான பரப்பை முழுக்கறுப்பாக அச்சிட வேண்டாம். போர்டு வரையும் கீகேட் மென்பொருளில் அந்தப் பரப்பை வலைக்கட்டமாக நிரப்பும் வசதி இருக்கிறது. 1 மி.மீ. கோடு, 1 மி.மீ. இடைவெளி என்று வைத்து, சுற்று விளிம்பு தெளிவாக விழும்படி அச்சிடவும். வலைக்கண்களைப் பிறகு நாம் மூடப்போகிறோம். டோனர் சேமிப்பு அமைப்பை அணைத்துவிட்டு, அடர்த்தியை உச்சத்தில் வையுங்கள். பழக்கமில்லாதவர்கள் இடவலம் மாற்றுவதில் தடுமாறுவார்கள்: கீழ்ப்பக்கச் செம்பு அடுக்கை அப்படியே அச்சிட வேண்டும், மேல்பக்க அடுக்கைக் கண்ணாடிப் பிம்பமாக அச்சிட வேண்டும். மார்க்கரால் செம்பின் மேல் நேரடியாக வரைபவர்களுக்கு இது அப்படியே தலைகீழ்.

பளபளப்புத் தாளில் அச்சிட்டு, நீராவி இல்லாமல், பருத்தித் துணிக்கான சூட்டில் 3 முதல் 5 நிமிடம் அழுத்தித் தேய்த்து, தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டுக் காகிதத்தை உரிக்கலாம். டோனர் மேல் வெள்ளையாகத் தங்கும் நார் கெடுதல் இல்லை. இரண்டு டோனர்க் கோடுகளுக்கு நடுவே தங்கினால்தான் வம்பு. பழைய பல்துலக்கியால் அதை எடுத்துவிடவும்.

பரப்பை மூடும் பொருட்கள்

முதலில் டேப். பார்சல் ஒட்டும் பழுப்பு நிற பேக்கிங் டேப் நன்றாகவே தாங்கும். பிளாஸ்டிக் படலம் என்பதால் கரைசல் ஊடுருவாது, பசையும் 45 டிகிரி வரை பிடித்து நிற்கும். அதற்கு மேல் சூடேற்றினால் பசை இளகி விளிம்பு நழுவும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இழுத்து ஒட்டுவதுதான் பெரும்பாலோர் செய்கிற தவறு. பி.வி.சி. என்பதால் இழுத்தது சுருங்கப் பார்க்கும், பத்து நிமிடத்தில் ஓரம் ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கியிருக்கும். இழுக்காமல் படியவைத்து ஒட்டினால் அதுவும் பயன்படும். பெயிண்ட் அடிப்பவர்கள் வைத்திருக்கும் மாஸ்கிங் டேப் மட்டும் வேண்டவே வேண்டாம். அது காகிதம், ஊறி ஊடே விட்டுவிடும்.

டேப்பைவிடச் சுத்தமான வேலை வேண்டுமென்றால் வினைல் ஸ்டிக்கர். வண்டி நம்பர் பிளேட்டுக்கு எழுத்து வெட்டும் கடைகளில் துண்டுகள் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கோப்பைக் கொண்டுபோனால் பிளாட்டரிலேயே (ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம்) வெட்டித் தருபவர்களும் உண்டு. ஆனால் 1 மி.மீ.க்குக் குறைந்த அகலத்தை அதில் எதிர்பார்க்காதீர்கள், கோடு சுருண்டு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எல்லாமே அகலமான பவர் போர்டுகளுக்கு வினைல் ஒன்றே போதும். 1 மி.மீ. டிராக்கே 35 மைக்ரான் செம்பில் சுமார் 2 ஆம்பியரை அதிகம் சூடேறாமல் தாங்கும்.

டேப்பானாலும் வினைலானாலும் ஒட்டும் முறை ஒன்றுதான். போர்டைக் கையால் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக இருக்கும் அளவுக்கு ஹேர் டிரையரால் சூடாக்கி, ஒரு முனையிலிருந்து காற்று அடைபடாமல் படியவிடவும். பிறகு பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் அழுத்தித் தேய்க்கவும். விளிம்பு நெடுகத் தனியாக இன்னொரு முறை தேய்க்கவும். போர்டின் மேல் வைத்தே வெட்டுவதானால் புது பிளேடு, லேசான அழுத்தம், இரும்பு ஸ்கேல். கத்தி செம்பைக் கீறினால் அந்தக் கீறல் வழியே கரைசல் டேப்புக்கு அடியில் ஏறும். வெட்டி உரித்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பசை மிஞ்சியிருக்கும், அந்த இடம் அரிபடவே அரிபடாது. பட்ஸில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, விளிம்பில் படாமல் நடுவில் மட்டும் துடைத்தெடுங்கள்.

வளைவும் நெளிவுமாக இருக்கும் பரப்புகளில் டேப் வெட்டிக்கொண்டிருப்பது வீண் பொறுமை. அங்கே நெயில் பாலிஷ். மலிவானது போதும், நிறம் அடர்த்தியாக இருக்கட்டும், இல்லையென்றால் எங்கே விட்டுப்போனது என்று தெரியாது. கெட்டியாக இருந்தால் சில துளி அசிட்டோன் அல்லது என்.சி. தின்னர் விட்டு இளக்கி, மெல்லிய பூச்சாக இரண்டு முறை. முதல் பூச்சு 15 நிமிடம், இரண்டாவது பூச்சு குறைந்தது ஒரு மணி நேரம் உலரவேண்டும். ஒரேயடியாகக் கெட்டியாக அப்பினால் மேலே தோல் கட்டி, உள்ளே கரைப்பான் அடைபடும். சூடான கரைசலில் போட்டதும் கொப்புளம் கிளம்பி உரியும்.

நெயில் பாலிஷில் இருக்கும் எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் ஆகியவை டோனரையும் கரைக்கும் என்பதை மறக்கக்கூடாது. பரப்பின் உள்ளே கரைந்தால் கவலையில்லை, டோனரும் பாலிஷும் ஒன்றாக இளகி ஒரே படலமாக இறுகும். விளிம்பில் கரைந்தால் இடைவெளிக்குள் வழிந்து அடைத்துவிடும். ஆகவே விளிம்பிலிருந்து 1 மி.மீ. உள்ளேயே பிரஷை நிறுத்துங்கள், ஒரே இடத்தில் முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள்.

மிஞ்சிய அந்த ஒரு மில்லிமீட்டர் பட்டை மார்க்கருக்கு. ஆல்கஹால் அடிப்படையிலான பெர்மனென்ட் மார்க்கர் டோனரைக் கரைக்காது. எடிங் 3000, ஸ்டெட்லர் லூமோகலர் போன்றவை பெரிக் குளோரைடில் கால் மணி நேரம் தாங்கும். இரண்டு பூச்சு வேண்டும். இரண்டாவது பூச்சை இழுத்துக் கோடு போட்டால் அதிலுள்ள ஆல்கஹால் முதல் பூச்சை இளக்கி வழித்துக்கொண்டு போகும். அதனால் புள்ளி புள்ளியாக ஒற்றி எடுக்கவும், நடுவில் பத்து நிமிட இடைவெளி விடவும். முழுப் பரப்பையும் மார்க்கராலேயே மூடலாமே என்று கேட்பவர்களுக்கு: மூடலாம், ஆனால் கோடு கோடாக இழுத்த இடமெல்லாம் வரிவரியாக அரிபடும். மார்க்கர் ஒட்டுப்போடும் பொருள்தான்.

எனாமல் பெயிண்ட்டும் தாங்கும். ஓர் இரவு முழுக்க உலரவேண்டும் என்பதே அதன் குறை.

இருபக்கச் செம்புப் போர்டில் பின்பக்கம் முழுவதும் கிரவுண்டாக நிற்கப்போகிறது என்றால் பேக்கிங் டேப்பைப் பட்டை பட்டையாக, ஒன்றின் மேல் ஒன்று 5 மி.மீ. ஏறும்படி ஒட்டவும். போர்டின் வெட்டு விளிம்பில் நெயில் பாலிஷ் ஓட்டிவிட்டால் பக்கவாட்டிலிருந்து கரைசல் புகாது. முன்பே துளையிட்ட போர்டு என்றால் இந்த முறை சரிப்படாது, துளை வழியே கரைசல் ஏறி டேப்புக்கு அடியில் குளம் கட்டும். முதலில் எட்ச்சிங் (கரைசலில் அரிப்பது), அப்புறம்தான் டிரில்.

முப்பது விநாடிச் சோதனை

முழுதாக இறக்கும் முன் போர்டைக் கரைசலில் முப்பது விநாடி முக்கி எடுத்து, தண்ணீரில் அலசி, சாய்வெளிச்சத்தில் பாருங்கள். திறந்திருக்கும் செம்பு மங்கலான இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். அரிபட வேண்டிய இடத்தில் எங்காவது இன்னும் பளபளப்பு இருந்தால் அங்கே பசையோ விரல்ரேகையோ மிச்சம் இருக்கிறது. மூடிய பரப்பினுள் மங்கலான சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது ஓட்டை. உலர்த்தி, பளபளப்பான இடத்தைச் சுரண்டித் துடைக்கவும், ஓட்டைகளில் மார்க்கரை ஒற்றவும். இந்த நேரத்துக்குள் ஒரு மைக்ரான் அளவில்தான் செம்பு போயிருக்கும், சேதமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது.

எட்ச்சிங்

கட்டியாக விற்கும் பெரிக் குளோரைடு (சென்னை ரிச்சி தெருவில் காப்பர் கிளாட் (செம்பு ஒட்டிய வெற்றுப் பலகை) விற்கும் கடைகளிலேயே கிடைக்கும்) 100 கிராமுக்கு 200 முதல் 250 மி.லி. தண்ணீர். தண்ணீரை முதலில் பிளாஸ்டிக் பாத்திரத்தில் எடுத்து, கட்டியைச் சிறிது சிறிதாகப் போடவும். கரையும்போது சூடேறும். நீரற்ற தூள் வகை என்றால் கொதிக்கும் அளவுக்கே சூடேறும் என்பதால் அதில் கூடுதல் கவனம் வேண்டும். எவர்சில்வர் பாத்திரம், ஸ்டீல் சிங்க், சமையல் பாத்திரம் எதுவும் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். துணியில் பட்ட கறை போகவே போகாது.

பாத்திரத்தை வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் கரைசலை 40 டிகிரியில் நிறுத்துங்கள். டேப் போட்டிருப்பதால் 45-ஐத் தாண்ட வேண்டாம். போர்டின் முதுகில் இருபக்க டேப்பால் ஒரு சென்டிமீட்டர் கனத் தெர்மாகோல் துண்டு ஒட்டி, செம்பு கீழ்நோக்கியிருக்கும்படி மிதக்கவிடலாம். கரைந்து வரும் கசடு தானாகக் கீழே இறங்கும், மறைப்பின் மேல் எதுவும் உரசாது. சாய்வாக இறக்கினால் காற்றுக்குமிழி மாட்டாது. மாட்டினால் அந்த வட்டம் அப்படியே செம்பாக நிற்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்கவும். புதுக் கரைசலில் 10 முதல் 20 நிமிடம்.

செம்பு கீழே அரிபடும் அளவுக்கு ஏறத்தாழ பக்கவாட்டிலும் அரிபடும். 35 மைக்ரான் செம்பில் ஒவ்வொரு விளிம்பும் 0.03 மி.மீ. உள்வாங்கும். பரப்புக்கு இது பொருட்டல்ல, 0.3 மி.மீ. டிராக்குக்கு ஐந்தில் ஒரு பங்கு. முடிந்த உடனே எடுத்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசல் சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். ஆனால் குளோரின் வாடை வரும், திறந்த வெளியில் மட்டுமே செய்ய வேண்டும். நம் விஷயத்தில் அதைவிட முக்கியம், குமிழ்விட்டுக் கொதிக்கும் அந்தக் கரைசலில் மார்க்கர் நிற்பதில்லை. கலவையான மறைப்புகளுக்குப் பெரிக் குளோரைடே பாதுகாப்பு.

பாதி வழியில் ஒரு மூலை முடிந்து, மறு மூலை இன்னும் பாக்கி என்றால் வெளியே எடுத்து அலசி, முழுதாக உலர்த்தி, முடிந்த மூலை முழுவதையும், டிராக்கும் இடைவெளியும் சேர்த்தே, நெயில் பாலிஷால் மூடுங்கள். ஒரு மணி நேரம் உலர்ந்தபின் மீண்டும் கரைசலில் விடலாம். செப்புத் தகட்டில் ஓவியம் அரிப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது இது. பி.சி.பி.யிலும் அப்படியே பலிக்கும்.

டிரை பிலிம் வைத்திருப்பவர்களுக்கு

ஒளிபட்டு இறுகும் நீல நிற டிரை பிலிம் இருந்தால் பரப்பு, கோடு என்ற பாகுபாடே தேவையில்லை, இரண்டும் ஒரே தடிமனில் கிடைக்கும். ஒளிபட்ட இடம் தங்கும், ஒளிபடாத இடம் கரையும். ஆகவே டிரான்ஸ்பரன்சியில் (படத்தை அச்சிடும் ஒளிபுகும் தாள்) பரப்பு வெறுமையாகவும் இடைவெளி கறுப்பாகவும் இருக்க வேண்டும். வெறுமையான இடத்தில் ஒரு தூசி உட்கார்ந்தால் அங்கே ஓட்டை விழும். ஒளியூட்டும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். லேமினேட்டர் 100 முதல் 110 டிகிரி. உள்பக்கப் பாதுகாப்புத் தாளை ஒட்டும் முன் உரிக்கவும், வெளிப்பக்கத்தை ஒளியூட்டிய பின் உரிக்கவும்.

கழுவும் கரைசல் ஒரு சதவீத சோடியம் கார்பனேட், அதாவது நீரற்ற தூள் என்றால் லிட்டருக்கு 10 கிராம். கடையில் படிகமாக விற்கும் சலவை சோடாவில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதற்கு 27 கிராம் வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் படிகத்தைப் பத்து கிராம் போட்டுவிட்டு, பிலிம் கரையவில்லை என்று தேய்த்துத் தேய்த்து விளிம்பைக் கெடுப்பவர்கள் நிறையப் பேர். கடைசியில் பிலிமை உரிக்க லிட்டருக்கு 30 கிராம் காஸ்டிக் சோடா.

மறைப்பை எடுப்பதும் கழிவும்

மறைப்பை உடனே எடுக்க அவசரம் வேண்டாம். டிரில் செய்து முடிக்கும்வரை அது இருந்தால் செம்பு கறுக்காது, துளைப்பிசிரும் கீறாது. டேப்பை மடித்துப் பின்னோக்கி மெதுவாக உரிக்கவும், மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் மெல்லிய டிராக் தூக்கிக்கொள்ளும். டோனர், மார்க்கர், நெயில் பாலிஷ் மூன்றுக்கும் அசிட்டோன் ஒன்றே போதும். நனைத்த பஞ்சை இரண்டு நிமிடம் மேலே போட்டு வைத்தால் தேய்க்கும் வேலை குறையும். பிறகு ரோசினை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து மெல்லியதாகப் பூசிவிட்டால் சால்டர் செய்யும்வரை செம்பு அப்படியே இருக்கும்.

கரைசல் பச்சையாகி, அரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கத் தொடங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டக்கூடாது, செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. நான்கு மடங்கு பெரிய பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, சலவை சோடாவைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்கவும். நுரை பொங்கி அடங்கிய பிறகே அடுத்த கரண்டி. பி.எச். தாள் 7-க்கும் 8-க்கும் இடையில் காட்டும்போது நிறுத்தி ஒரு நாள் விடவும். செம்பும் இரும்பும் அடியில் சேறாகப் படியும், மேலே நிற்கும் தண்ணீர் நிறமில்லாமல் தெளிந்திருக்க வேண்டும். நீலமோ பச்சையோ தெரிந்தால் செம்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை. சேற்றைத் துணியில் வடித்து, உலர்த்தி, மூடிபோட்ட டப்பாவில் பெயர் எழுதி வைத்து, அபாயகரக் கழிவு வாங்குபவர்களிடம் சேர்க்கவும்.